குறைந்த செலவில் ரெகுலேட்டர்: மட்டக்களப்புக் கடலுக்கு எதை வாங்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் 30 மீற்றருக்குள் சுழியோடுபவர், கையில் காசு குறைவென்றால், ரெகுலேட்டராக (சிலிண்டர் வளியை மூச்சுக்கேற்ற அமுக்கத்தில் தரும் கருவி), பலன்ஸ் இல்லாத (கீழே விளக்குகிறோம்) பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜும், அதாவது சிலிண்டரில் பூட்டும் பாகமும், வாயில் வைக்கும் எளிய செகண்ட் ஸ்டேஜும் கொண்ட தொகுதியை வாங்கலாம். ஸ்கூபாப்ரோ எம்கே2 ஈவோ – ஆர்195, கிரெஸி ஏசி2 – கொம்பெக்ட் ஆகிய இரண்டும் இந்த வகைதான். இரண்டில் எது என்பதை விலை தீர்மானிக்கக் கூடாது. எதற்கு இந்தத் தீவுக்குள் சேர்விஸ் கிட்டும், கைக்கெட்டும் தூரத்தில் எவரிடம் அதன் உதிரிப்பாகம் இருக்கிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். 50 மீற்றருக்கும் கீழே மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்குவதுதான் நோக்கம் என்றால் இந்த வகை போதாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் இருக்கும் வளியை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தைவிட 9 முதல் 10 பார் கூடுதலான அளவுக்கு இறக்கி ஹோஸுக்குள் விடுகிறது. இதுதான் இடை அமுக்கம். சேர்விஸ் செய்பவர்கள் ‘ஐபி’ என்பார்கள். செகண்ட் ஸ்டேஜ் அதையும் இறக்கி, மூச்சிழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அமுக்கத்திலேயே வாய்க்குத் தருகிறது. இடை அமுக்கம் நிலையாக நின்றால் ரெகுலேட்டர் பாதி நல்லது. அது ஆடினால் மேலே எவ்வளவு பளபளப்பான பெயர் பொறித்திருந்தாலும் பயனில்லை.

பலன்ஸ் இல்லாத பிஸ்டனில் வால்வைத் திறக்கச் சிலிண்டரின் அமுக்கமும் துணைபோகிறது. ஆகவே சிலிண்டர் வற்ற வற்ற இடை அமுக்கமும் ஒன்று, ஒன்றரை பார் அளவில் இறங்கும்; மூச்சு சற்று இறுகும். பலன்ஸ் ஆன ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இந்த இறக்கம் அநேகமாக இராது. 10, 15 மீற்றரில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. 30 மீற்றரில், சிலிண்டர் 50 பாருக்குக் கீழே போன நேரம், கூட வந்தவரும் உங்கள் ஒக்டோபஸில் (அவசரத்தில் இன்னொருவருக்குக் கொடுக்கவென்று பூட்டிய இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ்) மூச்சு வாங்கினால் தெரியும். நன்றாகவே தெரியும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளியும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் வளி இழுப்பவருக்கு 30 மீற்றரில் அமுக்கம் 4 பார் என்பதால் 80 லீற்றர் வேண்டும். வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லீற்றர். 200 பாருக்கு நிரப்பினால் 2220 லீற்றர் வளி. 50 பாரை மிச்சம் வைத்தால் கைக்கு வருவது 1665 லீற்றர். முழுவதையும் 30 மீற்றரிலேயே செலவழித்தாலும் 20 நிமிடந்தான். அந்த 50 பாரை மிச்சம் வைத்து மேலேறும் ஒழுக்கம் உள்ளவருக்குப் பலன்ஸ் இல்லாத ரெகுலேட்டர் அதன் பலவீனத்தைக் காட்டும் நேரமே வராது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் 25 மீற்றரைச் சுற்றிய ஆழத்தில் கிடக்கிறது. அதற்கும், பாசிக்குடா, கல்குடாப் பக்கத்துப் பாறைகளுக்கும் இது தாராளமாகப் போதும்.

அதே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் வேறு கதை. 50 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு வகுத்த 40 மீற்றர் எல்லையைத் தாண்டிய இடம். அங்கே அமுக்கம் 6 பாருக்கு மேல். நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் 120 லீற்றருக்கு மேல் இழுப்பார். வளியின் அடர்த்தியும் ஆறு மடங்காகி மூச்சை இறுக்கும். அதற்கு இரண்டு பலன்ஸ் ஆன ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், தனித்தனி வால்வு, அதற்கான பயிற்சி எல்லாம் வேண்டும். குறைந்த செலவு ரெகுலேட்டரைப் பற்றிய பேச்சு அங்கே எடுபடாது. இந்த ஒரு விடயத்தில் எவருடைய ஆசை வார்த்தையையும் கேட்க வேண்டாம்.

பிஸ்டனா, டயபிரமா

பலன்ஸ் இல்லாத பிஸ்டனின் பெருமை அதன் எளிமை. அசையும் பாகம் ஒன்றுதான்: பிஸ்டன். அதோடு ஒரு சுருள், கசிவைத் தடுக்கும் றப்பர் வளையங்களான சில ஓ-ரிங், பிஸ்டனின் நுனியில் வளியை அடைத்து நிறுத்தும் ஒரு சீற். பழகிய கையுள்ளவர் கொஞ்ச நேரத்திலேயே கழற்றிப் பூட்டிவிடுவார். சேர்விஸின்போது மாற்றும் உதிரிப்பாகத் தொகுப்பான ‘கிட்’ கூட மலிவு.

இதற்கு ஈடாக ஒரு குறை உண்டு. பிஸ்டனைச் சுற்றிய அறைக்குள் கடல் நீர் நேராகப் புகும். அந்தத் துளைகளை வெளியிலிருந்தே பார்க்கலாம். நம் கரையில் இது முக்கியம். முகத்துவாரம் வெட்டிய நாட்களில் களப்பு நீர் சேறும் மண்ணுமாகக் கடலில் கலக்கும். கரையிலிருந்து நடந்து இறங்குபவரின் சாமான் மணலில் புரளாமல் இராது. மணல் ஒரு துகள் அந்த அறைக்குள் சிக்கினால் பிஸ்டன் ஓடும் சுவரைக் கீறும். கீறலின் வழியே ஓ-ரிங் கசியும். துளைகளிலிருந்து குமிழி வரும். கழுவாமல் விட்ட உப்பு காய்ந்து பளிங்காகி இதே வேலையைச் செய்யும்.

டயபிரம் வகையில் ஒரு தடித்த றப்பர்த் தகடு நீரையும் உள்பாகங்களையும் பிரித்து வைக்கிறது. மணலும் உப்பும் வால்வை எட்டாது. ஆனால் பாகங்கள் கூட. கிட்டின் விலை கூட. சேர்விஸ் செய்பவருக்குத் தேவையான கருவிகளும் கூட. விலை குறைந்த டயபிரம்களில் பெரும்பாலானவை பலன்ஸ் ஆனவையே. மாரெஸ் 15எக்ஸ், கிரெஸி எம்சி9, ஏபெக்ஸ் எக்ஸ்எல்4 எல்லாம் இந்த வரிசை. கையில் இன்னும் கொஞ்சம் இருந்து, சேர்விஸ் செய்பவரும் இருந்தால், மணற்கரையிலிருந்து அடிக்கடி இறங்குபவருக்கு இவற்றை நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

பலன்ஸ் ஆன பிஸ்டனும் உண்டு. ஸ்கூபாப்ரோ எம்கே25 அதில் பேர்பெற்றது. வளி தருவதில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிஸ்டனின் கூரிய விளிம்புதான் சீற்றில் அமர்கிறது. அந்த விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் பிஸ்டனையே மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பாவித்த எம்கே25ஐ வாங்குபவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்கே2 ஈவோவுக்கு, சிலிண்டரின் அமுக்கம் காட்டும் கேஜைப் பூட்ட உயர் அமுக்கத் துளை ஒன்று, மற்றவற்றுக்குத் தாழ் அமுக்கத் துளை நான்கு. வாய்க்கு ஒன்று, ஒக்டோபஸுக்கு ஒன்று, வளி நிரப்பி மிதக்கும் ஜாக்கெட்டுக்கு ஒன்று என்று மூன்று போனாலும் ஒன்று மிஞ்சும். ஆர்195 பலன்ஸ் இல்லாத, பழைய முறையிலான செகண்ட் ஸ்டேஜ். அமுக்கினால் வளி தானாகப் பாயும் பர்ஜ் மூடி பெரிது, கையுறையோடும் அமுக்கலாம். கிரெஸி கொம்பெக்ட் அதைவிடச் சிறிது, இலேசானது. நீண்ட நேரம் வாயில் வைத்திருந்தாலும் தாடை நோகாது. மூச்சிழுக்க ஆர்195 ஒரு பிடி இலகு என்பது எங்கள் கருத்து. விலையில் கிரெஸி கீழே. இரண்டுமே பல்லாண்டு உழைக்கக்கூடியவை.

எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதும் சொல்லவேண்டியது. நம் கடலின் வெப்பநிலை 27 முதல் 30 பாகை செல்சியஸ். உறைபனி தடுக்கும் செட்டைகள், குளிர்நீர்க் கிட், வெப்பம் கடத்தும் உலோக உறை எல்லாம் 10 பாகைக்குக் கீழான நீருக்கானவை. ஐரோப்பியத் தர முத்திரையில் ‘இஎன்250’ என்ற எழுத்தோடு ‘10 பாகைக்கு மேல்’ என்று குறித்திருந்தால் அது குளிர்நீருக்குச் சோதிக்கப்படாதது என்று பொருள். நமக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. அந்த எழுத்தோடு ‘ஏ’ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருவர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மூச்சு வாங்குவதற்கும் சோதிக்கப்பட்ட தொகுதி, அதுவும் 30 மீற்றர் வரைக்கும். தைத்தானியம் பாரத்தைக் குறைக்கும், மூச்சைக் கூட்டாது. செகண்ட் ஸ்டேஜில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

பெயரே தெரியாத, 100 டொலருக்குக் கீழான தொகுதிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் வார்ப்பும் பூச்சும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் வாங்காதீர்கள். சேர்விஸ் கிட் விற்பனைக்கு இல்லை, இடை அமுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் கைநூல் இல்லை, சீற்றின் அளவு எவருக்கும் தெரியாது. முதல் சீற் தேயும் வரைதான் அது ரெகுலேட்டர்.

யோக்கா, டின்னா

ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வில் பூட்டும் முறை இரண்டு: வால்வைச் சுற்றிக் கவ்வி இறுக்குவது யோக், வால்வுக்குள் மரையால் திருகுவது டின். இங்கே வாடகைச் சிலிண்டர்களில் அநேகமானவை யோக் வால்வு. உள்ளூரில் மட்டும் இறங்குபவர் யோக்கையே வாங்கலாம். 232 பார் வரைக்கும் தாங்கும். டின் வாங்கினால் ஓ-ரிங் ரெகுலேட்டரின் பக்கமே பத்திரமாக இருக்கும், இடித்தாலும் விலகாது. மேலே ஒரு அடப்டர் போட்டு யோக் வால்விலும் மாட்டலாம். ஆனால் அது நீட்டிக்கொண்டு நின்று பின்தலையில் இடிக்கும். நடுவில் உள்ள செருகலை அலன் சாவியால் கழற்றி டின்னாக மாற்றக்கூடிய வால்வுகளும் உண்டு. பின்னாளில் ஆழம் போக நினைப்பவர் இப்போதே டின் வாங்குவது நல்லது.

ஒக்டோபஸ், கேஜ், ஹோஸ்

காசு மிச்சம் பிடிப்பவர்கள் வழக்கமாகக் கைவைக்கும் இடம் ஒக்டோபஸ். அது தவறு. அதை வாயில் வைப்பவர் வளி முடிந்து, பதறி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூச்சிழுக்கும் ஆள். அவருக்கு இருப்பதில் மட்டமானதைக் கொடுக்கலாமா? வாய்க்கு வாங்கிய அதே செகண்ட் ஸ்டேஜை ஒக்டோபஸாகவும் வாங்குங்கள். ஹோஸ் மஞ்சள் நிறம், 100 சென்ரிமீற்றர் அளவு. உதிரிப்பாகமும் ஒன்றாகிவிடும். கேஜ் பித்தளை உடலாக இருக்கட்டும். சுழியோடிக் கணினிக்குக் காசு இல்லாவிட்டால் இப்போதைக்கு எளிய முள் கேஜ் போதும்.

ஹோஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வெயிலுக்கு இது தனிப் பிரச்சினை. துணி பின்னிய மாதிரி மேற்பரப்புள்ள வளையும் ஹோஸ்கள் இலேசானவை, பார்க்கவும் அழகு. ஆனால் அவற்றுள் சிலவற்றின் உட்குழாய் பொலியெஸ்டர் வகைப் பொலியூரெத்தேனால் ஆனது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பொருள் சிதைந்து, உள்ளே மஞ்சள் பளிங்குத் துகளாக உதிரும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. துகள் செகண்ட் ஸ்டேஜை அடைக்கலாம், அல்லது ஹோஸே வெடிக்கலாம். சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்பான டான் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வெப்ப நாடுகளில்தான் இந்தச் சிதைவு விரைவு. பின்னல் ஹோஸ் வாங்குவதென்றால் உட்குழாய் பொலியீதர் வகை என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் சாதாரண கறுப்பு றப்பர் ஹோஸே நம்பகமானது. றப்பர் ஹோஸ் கெட்டால் கண்ணுக்குத் தெரியும்: இரண்டு முனைகளிலும் உலோகத்தோடு சேரும் இடத்தில் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தென்படும். அந்த இடத்தை மூடியிருக்கும் றப்பர் உறையைப் பின்னே தள்ளிப் பார்க்க வேண்டும்.

தாழ் அமுக்க ஹோஸ் வெடித்தால் சிலிண்டர் ஓரிரு நிமிடத்தில் வெறுமையாகும். உயர் அமுக்க ஹோஸ் வெடித்தால் சத்தம் பயங்கரமாக இருக்குமே தவிர வளி மெல்லத்தான் போகும், ஏனென்றால் அந்தத் துளை ஊசிக்கண் அளவு. ஆகவே ஹோஸ் மாற்றக் காசு குறைவென்றால் தாழ் அமுக்க ஹோஸ்களை முதலில் மாற்றுங்கள்.

பாவித்ததை வாங்கும்போது

குறைந்த செலவென்றால் பாவித்த சாமானைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் தேவையில்லை. பழைய ஏபெக்ஸ் டிஎஸ்4, அக்வாலங் டைட்டன், ஸ்கூபாப்ரோ எம்கே2 எல்லாம் பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பின்பும் நன்றாக வேலை செய்பவை. பார்க்க வேண்டிய முறை இதுதான்.

முதலில் சிலிண்டர் இல்லாமல். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியை இறுக்கிவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெல்ல இழுங்கள். ஒன்றுமே வரக் கூடாது. சிறிதளவு காற்று வந்தாலும் வாய்த்துண்டில் ஓட்டை, அல்லது வெளிவிடும் றப்பர் மடிப்பு விலகியிருக்கிறது, அல்லது தகடு கிழிந்திருக்கிறது. தண்ணீருக்குள் இதே வழியால் உப்புநீர் வாய்க்குள் வரும். இதைத் திருத்தும் செலவு சின்னது. ஆனால் விலை பேச உதவும்.

அடுத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் நுழைவாயிலில் உள்ள சிறு வடிகட்டியைப் பாருங்கள். அதன் நிறம் பழைய உரிமையாளரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும். பச்சை என்றால் உள்ளே நீர் புகுந்து பித்தளை அரித்திருக்கிறது. செம்மண் நிறம் என்றால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் பாவித்தது. சாம்பல் வெள்ளை அலுமினியத் தூள். கறுப்பு என்றால் கம்பிரசரின் எண்ணெய்ப் புகையும் கரியும். அந்த ரெகுலேட்டரை விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் வளி நிரப்புவதையும் விட்டுவிடுங்கள். குரோம் முலாம் உரிந்து உள்ளே பச்சை பூத்திருந்தாலும் வேண்டாம்.

பிறகு இடை அமுக்கம். இதற்கான சிறு கேஜ், ஜாக்கெட் ஹோஸில் மாட்டுவது, 20, 30 டொலருக்குள் கிடைக்கும். ரெகுலேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், குறைந்தது நான்கு நண்பர்கள் சேர்ந்தாவது, ஒன்று வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. செகண்ட் ஸ்டேஜ் ஒன்றாவது பூட்டியிருக்கும்போது மட்டுமே வால்வைத் திறக்க வேண்டும்; அமுக்கம் அளவு மீறினால் அதன் வழியேதான் வெளியேறும். மெல்லத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 9க்கும் 10க்கும் இடையில் இருப்பது வழக்கம். அந்த மாதிரிக்குரிய சரியான அளவு கைநூலில் இருக்கும். பர்ஜ் பொத்தானை நாலைந்து தடவை அமுக்குங்கள். முள் இறங்கி, விட்டதும் உடனே பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். பிறகு கைவைக்காமல் ஐந்து முதல் பத்து நிமிடம் பாருங்கள். 0.3 பாருக்கு மேல் ஊர்ந்து ஏறினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீற் தேய்ந்திருக்கிறது, அல்லது சீற் அமரும் விளிம்பு கீறப்பட்டிருக்கிறது. சீற் என்றால் கிட்டோடு தீரும். விளிம்பு என்றால் சில மாதிரிகளில் அதைத் தனியே மாற்றலாம், சிலவற்றில் உடலே போனது. இதே சோதனையை 50 பார் உள்ள சிலிண்டரிலும் செய்தால் பலன்ஸ் எப்படி என்றும் தெரியும்.

செகண்ட் ஸ்டேஜின் இறுக்கத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். வளி திறந்த நிலையில், வாய்த்துண்டு மேலே பார்க்க, மெல்லத் தண்ணீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் சீறத் தொடங்குகிறதோ, உள்ளே உள்ள தகட்டிலிருந்து நீர்மட்டம் வரைக்குமான அந்த உயரமே இறுக்கத்தின் அளவு. இரண்டரை முதல் நான்கு சென்ரிமீற்றர் நல்லது. ஒரு சென்ரிமீற்றரிலேயே சீறினால் நீருக்குள் தானாக ஓடும். ஐந்தைத் தாண்டினால் மூச்சு கனக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், பாவித்ததை வாங்கினால் முழுச் சேர்விஸ் ஒன்றை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஒரு கணக்கு: புதுத் தொகுதி 400 டொலர், பாவித்தது 200 என்று வைத்துக்கொள்வோம். பாவித்ததற்கு மூன்று ஹோஸ், முழுக் கிட், கூலி என்று 150 போனால் மிச்சம் 50 டொலர். அந்த 50 டொலருக்காகப் பழசை வாங்குவது சரியா என்பதை அதன் வடிகட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உற்பத்தியை நிறுத்திய மாதிரி என்றால் இலவசமாகத் தந்தாலும் கிட் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

புதியதை வாங்கும்போது கடைக்காரர் ‘வாழ்நாள் முழுக்க இலவச உதிரிப்பாகம்’ என்பார். அதன் கீழே சிறிய எழுத்தில், ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்விஸ் செய்து பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றிருக்கும். அந்த இடம் கடல் கடந்து இருந்தால் அந்த வாக்குறுதிக்கு இங்கே பெறுமதி இல்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த மாதிரிக்குக் கிட் இப்போது கையிருப்பில் இருக்கிறதா? சேர்விஸ் செய்பவர் இந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்றவரா? முடிந்ததும் இடை அமுக்கத்தை எழுதித் தருவாரா? மூன்றாவதற்கு முகம் சுளிப்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

எது எங்கே கசிகிறது

செகண்ட் ஸ்டேஜ் ஓயாமல் சீறுவதுதான் அடிக்கடி வரும் முறைப்பாடு. பலர் உடனே செகண்ட் ஸ்டேஜைத் திறந்து திருகாணியை இறுக்குகிறார்கள். முதலில் இடை அமுக்கத்தைப் பாருங்கள். அது அசையாமல் நின்றால் குற்றம் செகண்ட் ஸ்டேஜின் சீற்றில் அல்லது அதன் வால்வைத் திறக்கும் நெம்பின் உயரத்தில். அது ஊர்ந்து ஏறினால் குற்றம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில். செகண்ட் ஸ்டேஜை இறுக்கினால் சத்தம் நிற்கும், குற்றம் நிற்காது, அமுக்கம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

யோக்கின் அருகே குமிழி வந்தால் சிலிண்டர் வால்வின் ஓ-ரிங்; அளவு 014. டின் என்றால் 112. ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சேரும் இடத்தில் வந்தால், தாழ் அமுக்கத்துக்கு 011, உயர் அமுக்கத்துக்கு 012. சில்லறைக் காசு விலைதான். ஒவ்வொன்றிலும் நாலைந்து பையில் இருக்கட்டும். ஹோஸைக் கையால் இறுக்கி, ஸ்பனரால் மெல்ல ஒரு திருகு போதும். பலம் காட்டினால் பித்தளை மரை போய்விடும். பிஸ்டனைச் சுற்றிய துளைகளில் குமிழி வந்தால் பிஸ்டன் ஓ-ரிங். அது சேர்விஸ்காரரின் வேலை. பழைய ஷெர்வுட் சிலவற்றில் மட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து சிறு குமிழி வருவது வடிவமைப்பே, பயப்பட வேண்டியதில்லை.

மூச்சிழுக்கும்போது கேஜின் முள் துள்ளி இறங்கினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. நீரில் குதிக்குமுன் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு இழுக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

கழுவுவதும் வைப்பதும்

கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அதில் கழுவினால் கடலிலிருந்து எடுத்த உப்பின் மேல் இன்னொரு உப்பைப் பூசியதாகும். குழாய்த் தண்ணீர், இல்லையேல் பிடித்து வைத்த மழைநீர். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலேயே பூட்டி, வளியைத் திறந்த நிலையில், இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலமாவது ஊறவிடுவதுதான் சிறந்தது. உள்ளே அமுக்கம் இருப்பதால் நீர் புகாது. சிலிண்டர் இல்லாவிட்டால், தூசி மூடியைத் துடைத்து உலர்த்திப் பூட்டியபின் ஊறவிடுங்கள். அப்போது பர்ஜ் பொத்தானைத் தொடக் கூடாது. தொட்டால் வால்வு திறந்து நீர் ஹோஸ் வழியே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை ஏறும். ஈரமான தூசி மூடியைச் சிலிண்டர் வளியால் ஊதி உலர்த்தும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை மறுபக்கம் திருப்பி வைக்க மறவாதீர்கள்.

நிழலில் உலர்த்தி, ஹோஸை இறுக்கி மடக்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டி, வாய் மூடக்கூடிய துணிப்பையில் வையுங்கள். எறும்பும் கரப்பானும் செகண்ட் ஸ்டேஜுக்குள் புகுந்து தங்கும். ஒவ்வொரு தடவையும் வாயில் வைக்குமுன் பர்ஜ் செய்து ஊதிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிடாதீர்கள்.

சேர்விஸுக்கு வழமையான கணக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது 100 தடவை இறங்கியபின், எது முந்துகிறதோ அது. சங்குக்கும் கடலட்டைக்கும் நாளுக்கு மூன்று நான்கு தடவை இறங்குபவருக்கு அந்த 100 ஒரு மாதத்திலேயே வந்துவிடும். அவர்களுக்குப் பிஸ்டன் வகையின் மலிவான கிட் உண்மையாகவே உதவும்.

மற்றவர்களுக்குப் பருவமே நாட்காட்டி. கிழக்கில் கடல் அடங்குவது சித்திரை முதல் புரட்டாதி வரை. கார்த்திகையில் மாரியும் வாடையும் பிடித்தால் சாமான் நாலைந்து மாதம் வீட்டில் இருக்கும். பருவம் முடிந்ததும் சேர்விஸ் கொடுத்து அப்படியே பூட்டி வைப்பவர்கள் பலர். அதைவிட, முடிந்ததும் ஓர் இரவு நன்றாக ஊறவிட்டு உலர்த்தி வைத்து, மாசியில் சேர்விஸுக்குக் கொடுத்தால், புதிய சீற் வீணாகக் கிடந்து தழும்பு விழாமல் நேரே கடலுக்குப் போகும். புதிய சீற் முதல் சில தடவைகளில் அமர்ந்து பழகும்போது இடை அமுக்கம் சற்று மாறும்; மூன்று நான்கு தடவை இறங்கியபின் கேஜை மறுபடி மாட்டிப் பார்த்து, மாறியிருந்தால் சேர்விஸ் செய்தவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.